இயக்கத்தில் இருந்தவன் அகதி ஆவானா?

(தூத்துக்குடியில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நமது ஊழியர் நிகழ்த்திய பேச்சு)



போன கூட்டம் முடிந்து நாம் ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது நூற்பாலைத் தோழர் ஒருவர் பக்கத்தில் வந்து மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். "தோழர், முகாம்ல இருக்கிற சிலோன்காரங்க கஷ்டத்தைப் பத்திப் பேசுறீங்க. சரி. ஆனா அதுல சில பேர் அங்க இயக்கத்துல இருந்தவங்களாமே? துப்பாக்கி தூக்குனவனும் அகதி, பயந்து ஓடி வந்தவனும் அகதின்னா, ரெண்டும் ஒண்ணா?"

கேள்வி நியாயமானது. அதை ஒளித்துக் கேட்க வேண்டியதில்லை. இதே கேள்வி லண்டன் சுப்ரீம் கோர்ட்டில் எழுந்திருக்கிறது. கனடா சுப்ரீம் கோர்ட்டில் எழுந்திருக்கிறது. 2025 மே மாதம் டில்லி சுப்ரீம் கோர்ட்டிலும் எழுந்தது. பெரிய பெரிய நீதிபதிகள் வருஷக்கணக்கில் யோசித்த கேள்வியைத்தான் நமது தோழர் ஜமுக்காளத்து ஓரத்தில் நின்று கேட்டார். ஆகவே இன்று அதையே பேசுவதென்று முடிவு செய்தோம்.

நம் ஊர்க் கதை

முதலில் நம் மண்ணைப் பார்ப்போம். 1906இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்து, இந்தத் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார். 1908இல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர் அவர்களுக்குத் துணை நின்றார். அந்த வருஷம் மார்ச்சிலேயே வெள்ளைக்கார சர்க்கார் அவரைப் பிடித்து உள்ளே போட்டது. அவருடைய நண்பர் பாரதி அதே 1908இல் புதுச்சேரிக்குப் போனார். 1910இல் அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

எட்டயபுரத்துப் பாரதி அந்தப் பத்து வருஷம் யார்? அகதி! எதனால் அகதியானார்? பஞ்சத்தாலா? புயலாலா? சர்க்காரை எதிர்த்து எழுதினார், பேசினார். அவருடைய அரசியலே அவரை அகதியாக்கியது. பிரெஞ்சுக்காரன் ஒன்றும் பெரிய தர்மவான் அல்ல. ஆனாலும் வேறு கொடி பறந்த ஊராகையால் வெள்ளைக்காரப் போலீசால் உள்ளே நுழைந்து கைது செய்ய முடியவில்லை. ஒற்றர்களைத்தான் அனுப்ப முடிந்தது. 1918 நவம்பரில் பாரதி எல்லையைத் தாண்டியதும் கடலூர்ப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்கள். "நீ அரசியலில் இருந்தவன், உனக்கு இங்கே இடமில்லை" என்று புதுச்சேரி 1908இலேயே கதவைச் சாத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்று அந்த எட்டயபுரத்துக்குப் பக்கத்திலேதான் தாப்பாத்தி முகாம் இருக்கிறது. நகரத்தை ஒட்டித் தாளமுத்துநகரிலும் முகாம் இருக்கிறது. 2021இல் தமிழக அரசு "அகதிகள் முகாம்" என்ற பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. பெயர் மாறியது நல்லதே. ஆனால் உள்ளே இருப்பவர்களை விட்டு அந்தப் பழைய கேள்வி போகவில்லை: "நீ அங்கே யாருடன் இருந்தாய்?"

சட்டம் என்ன சொல்கிறது?

இரண்டாவது உலக யுத்தத்தில் கோடிக்கணக்கானோர் வீடிழந்தார்கள். அதற்குப் பின் 1951 ஜூலை 28இல் ஜெனீவாவில் அகதிகள் உடன்படிக்கை உண்டாயிற்று. இனம், மதம், தேசியம், ஒரு சமூகப் பிரிவைச் சேர்ந்திருப்பது, அரசியல் அபிப்பிராயம் ஆகிய ஐந்தில் ஏதாவது ஒன்றின் காரணமாகத் தன் நாட்டில் துன்புறுத்தப்படுவோம் என்று தக்க ஆதாரத்தோடு அஞ்சி வெளியேறியவன் அகதி. அரசியல் அபிப்பிராயம் என்ற சொல் அந்த வரியிலேயே இருக்கிறது. அரசியலில் இருந்தவனுக்கு இடமில்லை என்று எவனாவது சொன்னால் அவன் முதல் பக்கத்தையே படிக்கவில்லை என்று அர்த்தம்.

ஆனால் அதே உடன்படிக்கை ஒரு கதவைப் பூட்டியும் வைத்திருக்கிறது. மூன்று வகைச் செய்கைக்காரர்களுக்கு அகதி என்ற பாதுகாப்பு கிடையாது. யுத்தக் குற்றமோ மனித குலத்துக்கு விரோதமான குற்றமோ செய்தவன். அடைக்கலம் தேடி வருவதற்கு முன்பே, அரசியல் சம்பந்தமில்லாத கொடுங்குற்றம் செய்தவன். ஐக்கிய நாடுகள் சபையின் கோட்பாடுகளுக்கு விரோதமாக நடந்தவன். இவர்கள் வெளியே!

இந்தப் பூட்டை ஏன் போட்டார்கள்? யூத மக்களை விஷவாயுவில் கொன்ற ஹிட்லரின் ஆட்கள், கூலி கொடுத்து ஓடிய கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்து "நாங்களும் அகதிகள்" என்று சொல்லித் தப்பிவிடக் கூடாதே என்பதற்காக! இது நியாயம்தானே? நாமும் நியாயம் என்றே சொல்கிறோம்.

அக்கரை விஷயத்திலும் இதை மறைக்காமல் பேச வேண்டும். 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் ராணுவத்தின் குண்டுகளில் ஜனங்கள் மாண்டார்கள். இன்னொரு பக்கம், 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் சுடப்பட்டார்கள். அதே வருஷம் அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வீடு வாசலை விட்டு விரட்டினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் படையில் சேர்த்தார்கள். விரட்டப்பட்ட அந்த முஸ்லிமும் அகதிதான். விரட்டியவனுக்கும் அவனுக்கும் ஒரே சீட்டு கொடுக்க முடியாது. நூற்பாலைத் தோழரின் சந்தேகத்தில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

கஷ்டம் அடுத்த அடியில்தான். யார் விரட்டியவன், யார் அவனுக்குப் பயந்து நின்றவன் என்று எப்படிப் பிரிப்பது?

திறக்காத சிப்பி

முத்துச் சலாபத்தைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். நம் கடலில் 1955 முதல் 1961 வரை வருஷா வருஷம் சலாபம் நடந்தது. குளியாள் மூச்சடக்கி மூழ்கி எடுத்துவந்த சிப்பிகளைக் கரையில் குவித்து, திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போடுவார்கள். எதற்குள் முத்து, எது வெறும் ஓடு என்று எவனுக்கும் தெரியாது. குவியலுக்கு விலை!

சிப்பியை அப்படி விற்கலாம். மனிதனை அப்படித் தீர்ப்புச் சொல்லலாமா? "இந்தக் குவியல் இயக்கத்துக் குவியல், தூக்கி எறி" என்று சொல்லலாமா? ஆலைத் தொழிலாளருக்கு இது தெரியாத விஷயமல்ல. ஒரு ஆலையில் ஸ்டிரைக்கில் நின்றவன் பெயர் பட்டியலில் ஏறிவிடும். பிறகு அடுத்த ஆலை வாசலிலும் அவனுக்கு வேலை கிடையாது. அவன் என்ன செய்தான் என்று ஒருவரும் கேட்பதில்லை. பெயர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

லண்டன் சுப்ரீம் கோர்ட் 2010 மார்ச் 17இல் இந்தக் குவியல் கணக்கைப் பற்றித்தான் தீர்ப்புச் சொன்னது. வழக்குக்காரர் ஒரு இலங்கைத் தமிழர். 10 வயதில் புலிகளிடம் சேர்ந்தவர். 16 வயதில் 9 பேர் கொண்ட அணிக்குத் தலைவர். பிறகு உளவுப் பிரிவுத் தலைவருக்கு மெய்க்காப்பாளர். 2006இல் கொழும்புக்கு ரகசியமாக அனுப்பப்பட்டார். தான் கண்டுபிடிக்கப்பட்டது தெரிந்ததும் தப்பி, 2007இல் பிரிட்டனில் அடைக்கலம் கேட்டார். "நீ புலி, அதுவும் பொறுப்பில் இருந்தவன். யுத்தக் குற்றவாளி. இடமில்லை" என்றது அங்குள்ள சர்க்கார்.

கோர்ட் என்ன சொன்னது? மெம்பராக இருந்தார் என்பது மட்டும் போதாது என்றது. அந்த ஸ்தாபனம் யுத்தக் குற்றம் செய்வதற்கு அவர் மனமுவந்து, தெரிந்தே, கணிசமாக உதவினாரா என்று பார்க்கச் சொன்னது. எதையெல்லாம் பார்ப்பது? எப்படிச் சேர்ந்தார்? எத்தனை காலம் இருந்தார்? விட்டுப்போக வழி இருந்ததா? என்ன பதவி? நடந்த கொடுமைகள் அவருக்குத் தெரியுமா? அவர் கை அதில் பட்டதா? இவ்வளவையும் ஒவ்வொன்றாகப் பார்த்து மறுபடி முடிவு செய்யுங்கள் என்று உத்தரவிட்டது. கவனியுங்கள், "இவர் நிரபராதி" என்று கோர்ட் சொல்லவில்லை. "சிப்பியைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசு" என்றுதான் சொன்னது.

இயக்கத்தில் இருந்தவனுக்கு மட்டும்தானா இது? சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவனுக்கும் இதே கேள்வி உண்டு. காங்கோ நாட்டு உத்தியோகஸ்தர் ஒருவர், நியூயார்க்கில் தன் நாட்டுத் தூதுக் குழுவில் வேலை பார்த்தவர், 2008 ஜனவரியில் வேலையை உதறிவிட்டுக் கனடாவுக்குப் போய் அடைக்கலம் கேட்டார். "உன் சர்க்கார் கொடுமைகள் செய்தது. நீ அதன் சம்பளம் வாங்கினாய். நீயும் உடந்தை" என்று மறுத்தார்கள். 2013 ஜூலையில் கனடா சுப்ரீம் கோர்ட் அந்த முடிவை ரத்துச் செய்தது. கூட இருந்தான் என்பதனால் மட்டும் ஒருவன் குற்றவாளி ஆகமாட்டான். தானாக, தெரிந்து, கணிசமாகக் குற்றத்துக்குப் பங்களித்தானா என்று பார்க்க வேண்டும் என்றது. இயக்கத்து ஆளுக்கு லண்டனில் பிடித்த அளவுகோலும், சர்க்கார் உத்தியோகஸ்தருக்குக் கனடாவில் பிடித்த அளவுகோலும் ஏறக்குறைய ஒன்றுதான்!

சாவி கொடுத்தவர்

இனி கோர்ட்டை விட்டு நம் முகாமுக்கு வருவோம். கட்சி வேலையாக நாங்கள் போய்வரும் முகாமில் ஒரு பெரியவர் இருக்கிறார். மன்னார்க் கரையைச் சேர்ந்தவர். அவருடைய பாட்டனாரும் முத்துக் குளித்தவர்தான். நம் கடலுக்கும் அவர் கடலுக்கும் சிப்பி ஒன்றே. அவர் அங்கே சங்கக்கடையில், அதாவது கூட்டுறவுக் கடையில், மனேஜராக இருந்தார். 1990இல் மறுபடி சண்டை மூண்டது. ஒரு ராத்திரி இயக்கத்துப் பையன்கள் வந்து கடைச் சாவியைக் கேட்டார்கள். கொடுத்தார். அரிசி மூட்டைகள் போயின. கொஞ்ச நாளில் ராணுவம் வந்தது. "புலிக்கு அரிசி கொடுத்தவன் யார்?" என்று தேடியது. குடும்பத்தோடு படகேறி ராமேஸ்வரம் வந்து சேர்ந்தார். இங்கே விசாரித்தவர்களும் அதையே கேட்டார்கள்: "புலிக்கு அரிசி கொடுத்தாயா?"

"என்ன ஐயா பதில் சொன்னீர்கள்?" என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். "தம்பி, சாவியைக் குடுக்காட்டி உயிர் போகும். குடுத்தால் பேர் போகும். நான் உயிரை எடுத்துக்கொண்டு பேரை அங்கே விட்டிட்டு வந்தனான். அந்தப் பேர் எனக்கு முன்னமே இங்கே வந்து நிற்குது."

தோழர்களே, இவரை எந்தக் குவியலில் போடுவீர்கள்? சங்கக்கடையில் இருந்ததால் உத்தியோகக்காரர் குவியலிலா? அரிசி போனதால் இயக்கத்துக் குவியலிலா?

ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஸ்தாபனம் 2012 டிசம்பரில் இலங்கை பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. புலிகளின் ஆட்சியில் இருந்த பகுதிகளில் வாழ்ந்த எல்லோருக்கும் அன்றாட வாழ்க்கையில் அவர்களோடு தொடர்பு இருந்தே தீரும் என்று அது ஒப்புக்கொண்டது. வரி கட்டினவன், வண்டி ஓட்டினவன், சோறு போட்டவன் எல்லாம் அதில் அடக்கம். சாமான் ஏற்றிக் கொடுத்தவர்கள், தங்க இடம் கொடுத்தவர்கள், முன்னாள் போராளிகளின் குடும்பத்தார் ஆகியோருக்கும்கூட ஊர் திரும்பினால் ஆபத்து இருக்கக்கூடும் என்றது. எந்தத் தொடர்பை வைத்து "இவன் குற்றவாளி" என்று ஒரு நாடு தள்ளுகிறதோ, அதே தொடர்புதான் "இவனுக்கு ஆபத்து" என்பதற்கும் சாட்சி! இரண்டு பக்கமும் கூர் தீட்டிய அரிவாளைக் கையில் பிடித்ததுபோல அகதி தன் பழைய வாழ்வைப் பிடித்திருக்கிறான்.

இன்னொன்றும் கேளுங்கள். 2013இல் பிரிட்டனின் அகதி வழக்கு மன்றம், முன்பு புலிகளோடு இருந்தார் என்பது மட்டும் இப்போதைய ஆபத்துக்குப் போதுமான ஆதாரமல்ல, இன்று இலங்கை சர்க்கார் அவரை எப்படிப் பார்க்கிறது என்பதே முக்கியம் என்று தீர்ப்புச் சொன்னது. ஆகவே தள்ளுவதற்கு அந்தப் பழைய வாழ்வு பெரிதாகிறது. காப்பதற்கு அதுவே சிறிதாகிவிடுகிறது. இடையில் மனிதன் நசுங்குகிறான்.

நம் நாட்டில்

இந்த அளவுகோல்கள் எல்லாம் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடுகளில். இந்தியா 1951 உடன்படிக்கையிலும் கையெழுத்திடவில்லை, 1967இன் பின்சேர்க்கையிலும் இல்லை. அகதி என்றால் யார் என்று சொல்லும் சட்டமே இங்கு கிடையாது. 1983 ஜூலை முதல் 2012 ஆகஸ்ட் வரை 3,04,269 பேர் இலங்கையிலிருந்து வந்ததாக மத்திய சர்க்காரின் கணக்கு. தமிழக மக்கள் அவர்களுக்குச் சோறும் கூரையும் கொடுத்தார்கள். அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது கருணை. கருணையைக் கோர்ட்டில் கேட்டு வாங்க முடியாது.

சட்டம் இல்லாத இடத்தில் ஆளுக்கொரு நீதி வந்துவிடுகிறது. 1990 மார்ச்சில் இந்திய ராணுவம் இலங்கையை விட்டுத் திரும்பியபோது, வடகிழக்கு மாகாண முதலமைச்சராக இருந்த வரதராஜப் பெருமாள் இந்தியா வந்தார். பாதுகாப்போடு வடநாட்டில் வைத்துக் காக்கப்பட்டார். உயிருக்கு ஆபத்து இருந்தவரைக் காத்தது சரியே. ஆனால் அதே வருஷங்களில், இயக்கத்தோடு தொடர்பு என்ற சந்தேகம் விழுந்த சாதாரண ஆட்கள் 1946ஆம் வருஷத்து அந்நியர் சட்டத்தின் கீழ் வேலூர்க் கோட்டையிலும், செங்கல்பட்டிலும், பூந்தமல்லியிலும், பிறகு திருச்சியிலும் "சிறப்பு முகாம்" என்ற பூட்டுக்குள் போனார்கள். பெயர் முகாம், இருப்பது சிறை. தண்டனைக் காலம் என்று எதுவும் எழுதப்படாத சிறை!

1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவரோடு நின்ற ஏழை ஜனங்களும் மாண்டார்கள். அந்தக் கொலையை நாம் கண்டிக்கிறோம். ஆனால் அதன் பிறகு சந்தேகம் ஒவ்வொரு முகாம் வாசலிலும் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. அந்த வழக்கில் சிறையில் இருந்தவர்களை 2022 நவம்பர் 11இல் சுப்ரீம் கோர்ட் விடுவித்தது. அவர்களில் நான்கு இலங்கையர் சிறையிலிருந்து நேராகத் திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒருவர் ஊர் திரும்பக் காத்திருந்தபோதே 2024 பிப்ரவரியில் சென்னை ஆஸ்பத்திரியில் இறந்தார். கோர்ட் விடுவித்த பின்னும் எதற்குப் பூட்டு?

இனி 2025 மே 19. புலிகளோடு தொடர்பு என்று 2015இல் பிடிபட்டுத் தண்டிக்கப்பட்ட ஒரு இலங்கைத் தமிழருக்கு, தண்டனை முடிந்ததும் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று சென்னை ஹைகோர்ட் உத்தரவிட்டிருந்தது. "2009 யுத்தத்தில் நான் இருந்தவன். திரும்பினால் பிடித்துச் சித்திரவதை செய்வார்கள். என் மனைவி மக்கள் இங்கே இருக்கிறார்கள்" என்று அவர் சுப்ரீம் கோர்ட்டில் முறையிட்டார். உலகத்து அகதிகளுக்கெல்லாம் இந்தியா தர்மசத்திரமா என்ற கருத்தில் நீதிபதிகள் பேசினார்கள், மனு தள்ளுபடியாயிற்று. அவர் குற்றம் செய்தார், தண்டனை அனுபவித்தார். அதில் நமக்குத் தகராறு இல்லை. ஆனால் லண்டனில் கேட்ட அந்த வரிசைக் கேள்விகளை இங்கே கேட்க எந்தச் சட்டம் இருக்கிறது? திரும்பினால் உயிர் தங்குமா என்று எந்த அதிகாரி விசாரித்து எழுதினார்?

2025 செப்டம்பர் 1 முதல் புதிய அந்நியர் சட்டம் வந்திருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட் இல்லாமல் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். இது ஒரு ஆறுதல். ஆனால் தண்டிக்கமாட்டோம் என்பது வேறு. நீ அகதி, உனக்கு உரிமை உண்டு என்பது வேறு.

நாம் செய்ய வேண்டியது

2011 அக்டோபரில் இந்தத் துறைமுகத்திலிருந்து 37 அகதிகள் பயணிக் கப்பலில் கொழும்புக்குத் தாமாகத் திரும்பினார்கள். அப்போது நாங்கள் அந்தப் பெரியவரிடம், "ஐயா, நீங்களும் போகலாமே?" என்று கேட்டோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அங்கே ஒரு பட்டியல் இருக்குமாம். அதில என்ர பேர் இருக்குதோ இல்லையோ, போய் இறங்கினால்தான் தெரியும்." கப்பல் போயிற்று. அவர் இன்னும் இங்கேதான் இருக்கிறார்.

ஆகவே தோழர்களே, முதலாவது: முகாம்காரர் உங்களோடு சித்தாள் வேலைக்கும், பெயிண்ட் வேலைக்கும், காட்டு வேலைக்கும் வருகிறார். "புலி" என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடாதீர்கள். அந்த ஒரு சொல் போலீஸ் காதில் விழுந்தால் ஒரு குடும்பத்தின் தூக்கம் போய்விடும்.

இரண்டாவது, முகாம் தோழர்களுக்கு: எங்கே விசாரித்தாலும் பழைய வாழ்வை மறைக்காதீர்கள். இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாகச் சொன்னால் நிஜமான ஆபத்தையும் நம்பமாட்டார்கள். எந்த வயதில் சேர்ந்தீர்கள், சேர்ந்தீர்களா சேர்க்கப்பட்டீர்களா, என்ன வேலை செய்தீர்கள், எப்போது விட்டீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள். காகிதங்களைப் பத்திரப்படுத்துங்கள். கையெழுத்துப் போடுமுன் வக்கீலைக் கேளுங்கள். காவலில் இருப்பவருக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார்.

மூன்றாவது, நாம் எல்லோரும் கேட்க வேண்டியது: இந்தியாவுக்கு ஒரு அகதிச் சட்டம் வேண்டும். அதில் ஒவ்வொரு ஆளுக்கும் தனி விசாரணை வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். அப்பீல் வேண்டும். முடிவுத் தேதி இல்லாத காவல் கூடாது. உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரையும் தள்ளக் கூடாது. இந்த மண்ணில் நிற்கும் எவருக்கும், அவர் அந்நியரானாலும், உயிர்ப் பாதுகாப்பு உண்டென்று 1996இல் சக்மா அகதிகள் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. அதைத்தான் சட்டமாக எழுதக் கேட்கிறோம்.

நூற்பாலைத் தோழர் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நம்முடைய பதில் இதுதான்: ரெண்டும் ஒன்றல்ல, தோழர். கொலைகாரன் வேறு, சாவி கொடுத்தவர் வேறு. பத்து வயதில் சேர்ந்த பிள்ளை வேறு. ஆனால் யார் எவர் என்று தெரிய வேண்டுமானால் ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். குவியலாக ஏலம் போடும் காலம் சலாபத்தோடு போகட்டும்!